கால் இறங்காத குழித்தறி

கடைசித் தறியை வக்கீலக்காவின் வீட்டில் மாட்டி முடித்தோம். குழியின் உட்சுவரில் பூசிய சிமெண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. அக்கா உட்காரும் பலகையில் அமர்ந்து வலது காலை உள்ளே இறக்கப் போனார். மிதிக்கட்டையின் கயிற்றுநீளத்தைச் சரிபார்க்க நான் குனிந்திருந்ததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். அது குழியின் விளிம்போடு நின்றுவிட்டது. விரல்கள் கிளையைப் பற்றிய பறவையின் நகங்கள் போல மடங்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கயிறு நீளம் போதவில்லையோ என்று கேட்டேன். அக்கா காலை எடுத்து மறுபடி இறக்கினார். அதே இடத்தில் நின்றது. பிறகு முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீர் குடிக்காத கன்றின் தலையை அமுக்குவது போல அமுக்கினார். கால் கேட்கவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தத் தெருவில் குழித்தறி வேண்டுமென்று கேட்டு வாங்கியவரே அவர்தான்.

வக்கீல் என்பது பட்டப்பெயர். வெள்ளம் தெருவின் தறிகளையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகு, ஓர் உதவி அமைப்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். இரும்புச் சட்டத் தறி தருவதாகச் சொன்னார். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், பெஞ்சில் உட்கார்ந்து நெய்யலாம் என்றார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்தார்.

"தறி குடுக்கறீங்க, புண்ணியமாப் போகும். ஆனா அந்த இரும்புல நாங்க துணி நெய்ய மாட்டோம்மா, துணி காயப்போடத்தான் போறோம்."

அந்த அம்மாவே சிரித்துவிட்டார். என்ன வேண்டுமோ அதையே தருகிறோம் என்றார். வேலை என் பட்டறைக்கு வந்தது.

அக்கா சொன்னதில் தப்பே இல்லை. குழித்தறியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தரையில் தொடையளவு ஆழத்துக்கு ஒரு குழி. நெய்பவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிடுவார். உள்ளே இரண்டு மிதிக்கட்டைகள். ஒன்றை மிதித்தால் பாவில், அதாவது நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூலில், பாதி மேலே போகும், பாதி கீழே வரும். நடுவில் திறக்கும் வாய்க்குள் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா என்ற சிறு மர ஓடம் ஓடும். அடுத்த கட்டையை மிதித்தால் மேலே இருந்தது கீழே வரும். மண்ணில் ஊன்றிய தறி என்பதால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஆடாது. குழியின் ஈரம் மெல்ல மேலே வந்து பாவைத் தடவிக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் இல்லாவிட்டால் மெல்லிய பருத்தி நூல் காய்ந்த சுள்ளி மாதிரி முறியும். கை செய்வதைக் கண் பார்க்கும். கால் செய்வது காலுக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கத்து வீட்டிலிருந்து அக்காவின் நாத்தனார் புதுத் தறியைப் பார்க்க வந்தாள். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணி, ஊருக்குத்தான் உபதேசமா? தெருவையே குழியில எறக்கிட்டு நீங்க மட்டும் கரையில உக்காந்திருக்கீங்க."

சொல்லிவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

அக்காவின் வீட்டுக்காரர் பின்கட்டில் பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். பேச்சு நின்ற சத்தம் அவரை உள்ளே இழுத்து வந்திருக்க வேண்டும். கஞ்சிக் கையோடு வந்து, பின்னாலிருந்து அக்காவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, ஒரே இழுப்பில் குழியிலிருந்து தள்ளி உட்கார வைத்தார். அந்த இழுப்பைப் பார்த்துத்தான் நான் அதிர்ந்தேன். இதற்கு முன் ஒருமுறை அதே மாதிரி இழுத்த கைகள் அவை என்பதை அவரே அப்போதுதான் சொன்னார்.

வெள்ளம் வந்த பகலில் அக்கா நெய்துகொண்டிருந்தாராம். தெருவில் தண்ணீர் இல்லை. வாசல் காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் ஆற்றுக் கரையைப் பார்த்து வரப் போயிருந்தார். திரும்பி வந்தபோது குழி நிறையச் சேறு. சுற்றுமண் சரிந்து அக்காவின் கால்களைத் தொடை வரை பிடித்துக்கொண்டிருந்தது. அவர் இழுத்து வெளியே போட்ட பிறகுதான் வாசல் வழியாகத் தண்ணீர் வந்தது. உயிர் தப்பினோம், அதைப் போய்ப் பேசுவானேன் என்று இருவரும் அதுவரை வாயைத் திறக்கவில்லையாம்.

அக்கா குழியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மிதிக்கட்ட தானா மேல வந்துச்சு மேஸ்திரி. நான் மிதிக்கல. ரெண்டும் ஒண்ணா எழும்பி என் பாதத்தத் தூக்குச்சு."

மரம் மிதக்கும் என்பது தச்சனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு உயர்ந்தால் கரைக்கு உள்ளே மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து உயரும் என்பதும் தெரியும். கிணற்றில் தினமும் பார்ப்பதுதானே. தறிக்குழியும் ஓர் ஆழமில்லாத கிணறுதான் என்பது மட்டும், அத்தனை குழிகளுக்கு அளவெடுத்த எனக்கு அன்று வரை தோன்றியதில்லை.

"கூட்டத்துல பேசினப்போ மனசாரத்தான் பேசினேன். குழிதான் வேணும்னு நெனச்சேன். இந்தக் காலு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றார் அக்கா.

எல்லோருக்கும் மாட்டிவிட்டுக் கடைசியில் வாருங்கள் என்று அவர் சொன்னபோது பெரிய மனசு என்று நினைத்திருந்தேன். கால் அப்போதே தவணை கேட்டிருக்கிறது.

வீட்டுக்காரர் தானே நெய்வதாகச் சொன்னார். அந்த நிலையிலும் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பாவுக்குக் கஞ்சி போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நெய்ய உட்கார்ந்தால் துணியின் ஓரம் சந்தைக்குப் போகும் மாடு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். அக்கா உட்காராவிட்டால் அந்த வீட்டில் நெசவு இல்லை. கஞ்சி தடவிய பாவும் காத்திருக்காது. இன்னும் ஈரம் விடாத அந்த வீட்டில் பூசணம் பிடித்துவிடும்.

எதற்கும் இருக்கட்டும் என்று நாத்தனார் வீட்டுத் தறியைப் பார்க்கப் போனேன். அவள் வேகமாக முன்னால் போய் உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தாள். சத்தத்தில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன். ஒரு கால்தான் உள்ளே இருந்தது. அதுவே இரண்டு கட்டைக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கால் மேலே, விளிம்பில், மடங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்தவள், கால் மரத்துப்போச்சு அண்ணே என்றாள். கொஞ்சம் கழித்து, "தறி போட்டதுலேருந்து மரத்துத்தான் இருக்கு" என்றாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பட்டறைக்குத் திரும்பி மரக்குவியல்மேல் உட்கார்ந்து யோசித்தேன். காலுக்குத் தேவை தொங்க ஓர் இறக்கம். தரை கீழே போனாலும் இறக்கம்தான், ஆள் மேலே போனாலும் இறக்கம்தான். மறுநாளே அக்கா வீட்டுக் குழியை மண் கொட்டி மூடினோம். அதே இடத்தில், தரைக்கு மேலே, தொடையளவு உயரத்தில் கனமான செங்கல் சுவர் எழுப்பி, தறியின் கால்களை அதற்குள்ளேயே புதைத்துப் பூசினேன். இரண்டு படி ஏறி உட்கார வேண்டும். கால் கீழே தொங்கும். இந்தக் குழியின் அடி வீட்டுத் தரைதான். ஒரு பக்கச் சுவரை மட்டும் கட்டாமல் திறந்து விட்டேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளே தெரிவதற்காக. இனி மண் ஈரம் பாவுக்கு வராதே என்று அக்கா கேட்டார். பாவுக்கு நேர் கீழே நீளமாக ஒரு தட்டு வைத்து, மணல் நிரப்பி நனைத்தேன்.

அக்கா படியேறி உட்கார்ந்தார். வீட்டுக்காரர் திறந்த பக்கம் போய்த் தரையில் அமர்ந்து, உள்ளே கையை விரித்து வைத்துக்கொண்டார். தரை காய்ந்திருக்கிறது என்று அந்தக் கை சொல்லிக்கொண்டிருந்தது. நாத்தனார் வாசலில் நின்றாள். அங்கிருந்தே அந்தத் திறந்த பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

கால் இறங்கியது. பாதி வழியில் நின்றது. அக்கா பக்கவாட்டில் சாய்ந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பாதம் கட்டையைத் தொட்டது. உடனே எடுத்துக்கொண்டது. கட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி தொட்டது. அழுத்தியது. பாவு வாய் திறந்தது. நாடா ஓடியது. ஓர் இழை அறுந்தது; முடிச்சுப் போட்டார். மறுபடி ஓடியது.

"நகருங்க" என்றார் வீட்டுக்காரரைப் பார்த்து. "வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை.