கணக்கில் வராத ஃபேன்

வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல ஃபேனை அவள் பக்கம் திருப்பி ஸ்விட்சைத் தட்டினார். அவள் வேலை பார்க்கும் அதே விண்வெளி ஆய்வுக்கூடத்தில் அவர் மெக்கானிக். முகத்தில் காற்று பட்டதும் அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஏங்க, அன்னைக்குப் பாறையைத் துளைச்சுப் பாத்தோமே, அப்பவும் இது ஓடிச்சா?”

“ஓடாம? உனக்குத்தான் வேர்த்து ஊத்திச்சே. நான்தான் போட்டேன்.”

போச்சு! இன்னும் கால் மணி நேரத்தில், எங்கோ ஒரு கிரகத்தில், ரோவர் வண்டி பாறையைத் துளைக்கப்போகிறது. அங்கே டிரில்லின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் கிடையாது, காற்றும் பேருக்குத்தான். அதனால் ஒரு நிமிடம் துளை, நாலு நிமிடம் ஆறவிடு என்று கட்டளை எழுதி அனுப்பியவள் இவள். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் நடக்கவேண்டிய சோதனை அது. பம்ப் மக்கர் பண்ணியதால் மேசைமேல் வைத்தே செய்துவிட்டு, அறைக்காற்று ஆற்றும் சூட்டைக் கணக்கில் கழித்தாள். ஃபேன் ஆற்றியதையும் கழிக்க யாருக்குத் தோன்றும்? நாலு நிமிடம் அங்கே எந்த மூலைக்குக் காணும்? சூடு ஏறிக்கொண்டே போனால் பாறைக்குள் இருக்கும் பனி உருகும். ஆறும்போது மறுபடி உறைந்து டிரில்லைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் அந்த வண்டி கட்டிப்போட்ட மாடுதான்.

இங்கிருந்து கட்டளை போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம். அது கிளம்பக் கையில் இருப்பது மூன்றே நிமிடம். சொன்னால் கட்டியவர் வேலைக்குத் தன் கையாலேயே உலை வைப்பதாகும். அவர் முகத்தைப் பார்க்காமல் ஓடினாள்.

தலைமைப் பொறியாளர் மேடம் முழுக்கக் கேட்டார். “நிறுத்தச் சொல்லிடவா?”

“ஐயோ, வேணாம் மேடம்! உள்ளேயே நின்னாத்தான் உறைஞ்சிடும். சுத்திக்கிட்டே வெளிய எடுக்கச் சொல்லுங்க!”

கட்டளை கிளம்புவதற்குள் ஆறு நிமிடம் ஓடிவிட்டது. அது போய்ச் சேரும்போது அங்கே முதல் ஒரு நிமிடத் துளைப்பு முடிந்திருக்கும். பதில் வர இன்னும் இருபத்துநாலு நிமிடம்.

“ஃபேன் போட்டது யாரு?”

“நான்தான்” என்றாள். பின்னாலேயே வந்து நின்ற வீட்டுக்காரரும் அதையே சொன்னார். மேடம் இருவரையும் பார்த்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரையில் ஒன்றுமே வராத ஒவ்வொரு நிமிடமும் செத்துப் பிழைத்தாள்.

ஒருவழியாகத் திரையில் எழுத்து வந்தது. டிரில் வெளியே. நுனியில் ஏறிய சூடு, பனி உருகும் பூஜ்ஜியத்துக்கு ஒரே ஒரு டிகிரி கீழே. இன்னொரு தடவை துளைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

“பம்ப் வர ஒரு வாரம் ஆகும்” என்றார் மேடம். “நாளைக்கு அந்தச் சோதனையை மேசைமேலயே திரும்பப் பண்ணுங்க, ரெண்டு பேரும். உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

இடத்துக்குத் திரும்பியதும் அவளுக்கு வேர்த்திருப்பதைப் பார்த்து அவர் கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. அவள் வெடுக்கென்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேர்க்கட்டும்” என்றாள்.