வலது கைக்கு வந்த பத்திரிகை

கல்யாணப் பத்திரிகை செண்பகவல்லியின் வலது கைக்குத்தான் வந்திருந்தது. செண்பகவல்லி துணைக்குப் போனாள்.

மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்தபோது வலது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கையின் நீர் வடியச் சரியான வழியில்லை. கொஞ்சம் அசந்தால் தேங்கி வீங்கிவிடும். அதற்காக மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கமான உறை போட்டிருந்தாள். திடீரென்று பெரிய கனம் தூக்கக் கூடாது, கீறல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கையை உயர்த்தி விரல்களை மூடித் திறக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் காதில் ஏறுமா? போன வருஷம் காதுகுத்து வீட்டில் உறையைக் கழற்றச் சொல்லி சாம்பார் வாளியைத் தூக்க வைத்தார்கள். கை வீங்கி, சிவந்து, காய்ச்சல் வந்து, துணிக்கட்டுப் போட்டுத் தேறுவதற்குள் மழைக்காலமே போய்விட்டது. வீங்கிய கை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆள் வற்றினாலும் கை நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறது என்று கொண்டாடினார்கள். பத்திரிகை வந்ததும் அதனால்தான்.

மண்டபத்தில் கையை முன்வரிசை சோபாவில் உட்கார வைத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். கைக்கு ஒரு காபி வந்தது. கை உட்கார்ந்திருந்ததால் செண்பகவல்லி குனிந்து நிற்க வேண்டியிருந்தது.

மண்டப மேனேஜர் டேப்போடு வந்து கையை அளந்தார். பிறகு வாசலை அளந்தார்.

"வீங்கி வெளிய போக முடியாதது மண்டபத்துக்குச் சொந்தம்மா."

"உள்ள வந்துச்சே?"

"வர்றத நாங்க பாக்குறதில்ல."

சாமான் அறையைத் திறந்து காட்டினார். அங்கே ஒரு கால் கிடந்தது. கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒருத்தி, நாள் முழுக்கப் பந்தியில் நிற்க வைக்கப்பட்டு, வீங்கிப்போய் விட்டுச் சென்றது. அதன்மேல் அப்பளக் கூடைகளை அடுக்கியிருந்தார்கள். செண்பகவல்லிக்கு அவள் கை வேண்டும். சோறு பிசைய, தலை பின்ன, முதுகு சொறிய, எல்லாவற்றுக்கும் வேண்டும்.

அப்போதுதான் நாத்தனார் பாக்கியம் ஆரத்தித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள்தான். அந்த மிதப்பு பட்டுப்புடவைக்கு வெளியேயும் தெரிந்தது. உறையைக் கழற்றிவிட்டு வலது கையால் தட்டைத் தூக்க வேண்டும் என்றாள். சாக்ஸ் போட்ட கை போட்டோவில் அசிங்கமாக இருக்குமாம். செண்பகவல்லி நீர் தேங்குவதைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை பெற்ற மறுநாளே தான் தண்ணீர் இறைத்ததைப் பாக்கியம் சொன்னாள். அவள் பேசப் பேசப் பித்தளைத் தட்டு விரிந்துகொண்டே போனது. மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு வந்ததும் நீட்டினாள்.

செண்பகவல்லி அதை இடது கையில் வாங்கினாள். நாதஸ்வரம் நின்றது. யாரோ குழந்தையின் கண்ணைப் பொத்தினார்கள்.

"இடது கையாலயா? எங்க குடும்பம் வெளங்குமா?"

"வெளங்காட்டிப் போகுது மதினி."

சுற்றி எடுத்தாள். இடது கையில் தட்டு ஒரு தேங்காய் மூடி கனம்கூட இல்லை.

முதலில் பாக்கியத்தின் முகம் வீங்கியது. பிறகு கழுத்து. அவமானம் அடுத்தடுத்த வரிசைகளுக்கும் பரவியது. சித்தப்பாக்கள் வீங்கினார்கள். மதினிமார்கள் நாற்காலியோடு வீங்கினார்கள். சாப்பிட மட்டும் வந்தவர்கள்கூட என்ன ஏதென்று கேட்காமல் வீங்கினார்கள். சொந்தம் என்றால் அப்படித்தான்.

செண்பகவல்லி கையை எழுப்பிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மேனேஜர் அளந்தார். கை தாராளமாக வெளியே போனது. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு டேப்பைத் திருப்தியாகச் சுருட்டினார்.

"பந்திக்கு பெஞ்சு பத்தாமத்தான் இருந்துச்சு," என்றார்.

வாசல் நிறைய பாக்கியத்தின் கன்னம் வந்து அடைத்துக்கொண்டது. அதற்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஏட்டி, அந்தச் சாக்ஸக் கொஞ்சம் குடுத்துட்டுப் போ."

"வீங்குறதுக்கு முன்னாலயே போடணும் மதினி. இனிமே ஏறாது."

தெருவில் நின்று அவள் வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தினாள். விரல்களை மூடித் திறந்தாள், ஆஸ்பத்திரியில் சொன்னபடி, நிதானமாக. மண்டபத்து ஜன்னல்களில் பிதுங்கிக்கொண்டிருந்தவர்கள் டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்கள்.