சொல் வராத ஏழு மாதம்

பனிச்சங்கேணிக் கோயிலில் மாதத்துக்கு ஒருமுறைதான் ஃபாதர் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் வாசகம் வாசித்து, செபம் சொல்லிச் சனங்களை அனுப்பிவைப்பது பேர்னாட்டின் பொறுப்பு. பதினொரு வருடமாக அவர்தான் செய்துவந்தார். கிழமை நாட்களில் கடலோரக் களப்பில் மீன் பிடிப்பார். ஊரில் யாருக்காவது நோய் வருத்தம் என்றாலும், சாவு என்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவருடைய மனைவி றீற்றா இறந்து ஏழு மாதமாகியிருந்தது. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே பேர்னாட் பீடத்துக்கு முன்னால் போய் நின்று புத்தகத்தில் இருந்ததை வாசித்தார். வாய் தன் பாட்டில் வாசித்தது. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று நினைத்தார். சரியாகவில்லை. வீட்டில் தனியே முழங்காலில் இருந்தால் முதல் சொல்லோடு நின்றுவிடும். கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு எழும்பிச் சட்டி கழுவப் போய்விடுவார். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிற ஆளே இப்படி என்றால் சனம் என்ன செய்யும்? அடுத்தமுறை ஃபாதர் வரும்போது இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிக் கேட்பதென்று மட்டும் முடிவெடுத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஓட்டமாவடியிலிருந்து ஜிப்ரி என்று ஒருவன் அவரைத் தேடி வந்தான். முப்பது வயதிருக்கும். அவனுடைய தம்பி ஷாமில் முதல்நாள் பின்னேரம் இறால் வலை போடத் தனியே போனவன் திரும்பவில்லை. விடிந்தபோது தோணி மட்டும் வெறுமையாக மிதந்திருக்கிறது. களப்போரக் கண்டல் மரக்காட்டுக்குள் போகிற ஓடைகளெல்லாம் பேர்னாட்டுக்குத் தெரியும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். பேர்னாட்டுக்கு எழும்பவே மனமில்லை. ஆனால் ஏலாது என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. தோணியில் எஞ்சினைப் பூட்டி அவனை ஏற்றிக்கொண்டு போனார்.

வெள்ளி முழுக்கத் தேடினார்கள். வேறு ஐந்தாறு போட்டுகளும் வந்திருந்தன. ஷாமிலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் தொண்டை கட்டிப்போனது. சனிக்கிழமை வெள்ளெனவே மறுபடி இறங்கினார்கள். பத்து மணியாகும்போது மற்றப் போட்டுகளில் இருந்தவர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்கள். உயிரோடு இருப்பவனைத் தேடுவது வேறு, உடலைத் தேடுவது வேறு என்று பேர்னாட்டுக்குத் தெரியும். ஜிப்ரியும் அதைக் கவனித்திருந்தான்.

"அண்ணன், நீங்க கோயில்ல செபம் சொல்ற ஆள் எண்டு சொன்னாங்க. தம்பிக்காக உங்கட முறையில ஒண்டு கேளுங்களன்."

வேறொரு நாளென்றால் ஓம் என்று சொல்லிக் கண்ணை மூடியிருப்பார். அன்றைக்குப் பொய் சொல்லக்கூட அவருக்குக் களைப்பாக இருந்தது.

"கேக்கலாம் தம்பி. ஆனா பொஞ்சாதி மோசம் போய் ஏழு மாசம், எனக்கு ஒண்டும் வருகுதில்ல. வாய்தான் அசையுது."

ஜிப்ரி திடுக்கிடவில்லை. எஞ்சின் சத்தத்தில் கேட்கவேண்டுமென்று கிட்டக் குனிந்து சொன்னான்.

"எனக்கும் நேத்திலிருந்து அப்பிடித்தான் அண்ணன். ஓதத் தொடங்கினா பாதியில மறந்து போகுது. சின்ன வயசில பாடமாக்கினது."

இரண்டு நாளாக எஞ்சின் பிடியைப் பிடித்துப் பிடித்துப் பேர்னாட் களைத்துப்போயிருந்தார். எஞ்சினை நிறுத்தினார். தோணி தன் பாட்டில் போய்க் கண்டல் நிழலில் ஒதுங்கியது. வேறு நோக்கம் எதுவும் அவருக்கு இல்லை. இனி ஏலாது, அவ்வளவுதான்.

முதலில் காதுக்குள் எஞ்சின் இரைச்சலே ஓடிக்கொண்டிருந்தது. அது அடங்கியதும் தோணியின் பக்கப் பலகையில் தண்ணீர் தட்டுவது கேட்டது. வற்றிய சேற்றில் நண்டுகள் வளைக்குள் போகும்போது எழும் சின்னச் சத்தம் கேட்டது. மீன்கொத்தி ஒன்று கத்திவிட்டுப் பறந்தது. தினமும் இந்தத் தண்ணீரில்தான் வந்து போகிறார். ஏழு மாதமாக இவை ஒன்றுமே அவர் காதில் விழுந்ததில்லை. அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதில் அவருக்கு ஆறுதலும் இல்லை, கவலையும் இல்லை. எல்லாம் இருந்தது, அவரும் அதற்குள் இருந்தார். நெடுநாளைக்குப் பிறகு முதல் தடவையாக, கடவுளிடம்கூட எதையும் சொல்ல அவர் முயலவில்லை.

அப்போதுதான் மரத்தில் மரம் படுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. நின்றது. திரும்ப ஒரு தட்டு.

ஜிப்ரி எழும்பப் பார்த்தான். பேர்னாட் கையைக் காட்டி இருத்தினார். மறுபடி கேட்டது. எஞ்சினைத் தொடாமல் கம்பை ஊன்றி, சத்தம் வந்த ஓடைக்குள் தோணியைத் தள்ளினார். தோணி போக ஏலாத இடத்தில் இருவரும் இடுப்பளவு சேற்றில் இறங்கினார்கள்.

ஷாமில் கண்டல் வேர்களுக்கு மேலே சுருண்டு கிடந்தான். வலது கால் முழங்கால்வரை வீங்கிக் கறுத்திருந்தது. சிக்கிய வலையை எடுக்க இறங்கியபோது திருக்கையின் மேல் மிதித்திருக்கிறான். முள் குத்திய நோவில் தோணியைக் கைவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வேரில் ஏறியிருக்கிறான். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. ஏழெட்டுத் தடவை எஞ்சின்கள் பக்கத்தால் போனதைக் கேட்டதாகவும், ஒவ்வொரு தடவையும் தடியால் வேரில் அடித்ததாகவும் பிறகு சொன்னான். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்டிருக்கும்?

"காக்கா," என்று அண்ணனைக் கூப்பிட்டான், காற்றுப்போல.

ஓதுவது மறந்துபோன ஜிப்ரிக்கு இப்போது நிறுத்த முடியவில்லை. தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதழுது ஓதினான். ஒரு சொல்லும் பேர்னாட்டுக்கு விளங்கவில்லை. அது முடியும்வரை ஷாமிலின் தலை சாயாமல் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஷாமிலுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. மறுநாள் ஞாயிறு பேர்னாட்டால் பாயைவிட்டு எழும்ப முடியவில்லை. வாசகத்தை வாசிக்கும்படி ஜோசப்பின் என்கிற ரீச்சருக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்துக்கிடந்தார். பதினொரு வருடத்தில் அது முதல் தடவை. மாதக் கடைசியில் ஃபாதர் வந்தபோது செபம் வராமல் போனதிலிருந்து நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னார். ஃபாதர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. இனி ரீச்சரே செய்யட்டும், நீங்கள் சும்மா வந்து சனத்தோடு இருங்கள் என்றார்.

அடுத்த கிழமை ஷாமிலைப் பார்க்க ஓட்டமாவடிக்குப் போனார். அவன் உள்ளே நித்திரை. அவனுடைய தாய், சித்தி நபீஸா என்று பெயர், அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். மகனைக் காப்பாற்றியதைப் பற்றி இரண்டு சொல்தான் பேசினார். பிறகு கேட்டார்:

"தோணியில நீங்க உங்கட பொஞ்சாதியப் பத்திச் சொன்னீங்களாம். அவக்கு என்ன வருத்தம், மகன்?"

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் கேட்கத் தேவையிருக்கவில்லை. செத்தவீட்டில்கூட அவர்தான் மற்றவர்களைத் தேற்றினார்.

"முதல்ல சும்மா இருமல் எண்டுதான் நெனச்சம்," என்று தொடங்கினார். தேத்தண்ணி ஆறியது. சித்தி நபீஸா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். றீற்றாவுக்கு மூச்சு எடுக்க முடியாமல் போன கட்டத்துக்கு வந்தபோது பேர்னாட் அழுதார். அந்நேரம் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது.

"தொழுதிட்டு வாறன். போயிராதங்க, மிச்சத்தையும் கேக்கணும்," என்று சொல்லிவிட்டுச் சித்தி நபீஸா உள்ளே போனார்.

பேர்னாட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே அந்த அம்மா தொழுது முடியும்வரை கதிரையில் அசையாமல் இருந்தார்.