டொரீன் கொண்டுவந்த படம்

கிளென்னாவுக்குப் பேய் என்றால் பயம் கிடையாது. எதிர்வீட்டு டொரீன் என்றால்தான் பயம். ஆனால் வாயைத் திறந்து ஒப்புக்கொள்வாளா? "எனக்கு அவளைப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்பாள். பிடிக்காத ஒருத்தியின் வாசலைப் பொழுதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக யாராவது பார்த்துக்கொண்டு நிற்பார்களா? பொறாமை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே!

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்தைத் தாண்டினால் வரும் அந்தத் தெருவில் வீடுகளெல்லாம் ஒரே வரைபடம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு யாரோ ஒரு கட்டடக்காரர் வரிசையாகக் கட்டித் தள்ளியவை. கிளென்னா வீட்டில் சோபா எங்கே கிடந்ததோ அங்கேதான் டொரீன் வீட்டிலும் கிடந்தது. திரைச்சீலை மட்டும் அவளுடையது புதுசு. அதுவும் கிளென்னாவுக்கு உறுத்தியது. புருஷனை இழந்தவள், வசந்த காலத்தில்தான் குடிவந்தவள், அதற்குள் அப்படியொரு மஞ்சள் திரைச்சீலை என்ன வேண்டிக்கிடக்கிறது?

வருஷா வருஷம் ஹாலோவீன் பேய்ப் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை கிளென்னா வீட்டு நிலவறையில் பேய்வீட்டுப் படங்கள் ஓடும். மதியம் ஆரம்பித்தால் ஐந்து படம். தெருக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் எதையாவது சமைத்துக்கொண்டு வருவார்கள். என்ன வேண்டுமானாலும் கொண்டுவரலாம், படத்தை மட்டும் கொண்டுவரக் கூடாது. படம் கிளென்னாவின் ராஜ்யம். அங்கே வேறு யாரும் மூக்கை நுழைக்க முடியாது.

அதற்கு அவளிடம் சட்டதிட்டமே இருந்தது. கறுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். ரத்தம் ஆகாது. பேய் அந்த வீட்டுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். வழிப்போக்குப் பேய் செல்லாது. முக்கியமாக, வாசல் திறந்திருந்தும் அந்தக் குடும்பம் ஏன் ஓடவில்லை என்பதற்கு ஒழுங்கான காரணம் வேண்டும். "காரணமில்லாம உக்காந்திருந்தா அது பேய்ப்படம் இல்ல, முட்டாள் படம்" என்று வீடியோ கடைக்காரன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். வெளிச்சம் இருக்கும்போது வெறும் காற்றும் கதவுமாக ஒரு படம், காபி நேரத்துக்குச் சிரிப்புப் பேய் ஒன்று, இருட்டத் தொடங்கும்போது கடைசியாக, இருப்பதிலேயே பொல்லாத வீடு. அப்படியொரு வரிசை.

இவ்வளவு பாடும் யாருக்காக? அவள் புருஷன் வெர்ன் ஒருவனுக்காக. டயர் ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவன். எந்தப் பேய்க்கும் அசைய மாட்டான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "பேயை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அந்தக் கூரை ஒழுகுறதை அடைங்கப்பா" என்பான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். கிளென்னாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். காதலித்த காலத்தில் காரில் உட்கார்ந்து திறந்தவெளித் திரையில் படம் பார்ப்பார்கள். பயந்து அவன் கையைப் பிடித்தது எப்போதும் அவள்தான். வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த மனுஷன் பயந்து என் கையைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. சின்ன ஆசைதான், ஆனால் ஆசை.

இந்த வருஷம் அந்த வெர்னே ஆள் மாறிப்போயிருந்தான். பேசிக்கொண்டே இருப்பான், பாதியில் நின்றுவிடுவான். கல்யாண நாளை மறந்தான். கார் சாவியைக் கொடுத்து, "நீயே ஓட்டு" என்றான். காரை இன்னொருவர் தொட விட்டவனா அவன்? எதையாவது வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பான். ஒன்றுமில்லாததற்கா இந்த முழி?

செப்டம்பரில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தபால் எடுக்கப் போன வெர்ன், டொரீன் வீட்டுப் படியேறினான். கதவைத் தட்டவில்லை. மணியை அழுத்தவில்லை. கைப்பிடியைத் திருகி, தன் வீட்டுக்குள் போகிறவன் மாதிரி உள்ளே போனான். கிளென்னாவின் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது. கொஞ்ச நேரம் கழித்து டொரீனே அவனைக் கைபிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். கைபிடித்து! அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல், அப்புறம் இரண்டு தடவை அதே காட்சியைப் பார்த்ததில் நின்று எரிந்தது. தட்டாமல் திறக்கிற கதவென்றால் எத்தனை நாள் பழக்கமோ என்று கணக்குப் போட்டுப் போட்டே அவள் இளைத்தாள். கேட்கவில்லை. கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

வீடியோ கடையில் நாலு படம் எடுத்துக் கூடையில் போட்டாகிவிட்டது. ஐந்தாவதை அவள் தேடிக்கொண்டிருக்கும்போது வெர்ன் தொண்டையைச் செருமினான்.

"கிளென்னா, கடைசிப் படத்தை டொரீன் கொண்டுவரட்டுமே."

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்ன?"

"அவகிட்ட ஒரு நல்ல படம் இருக்காம். பழசு."

"என் தம்பி ட்வைட் பத்து வருஷமா ஒரு படத்துக்கு எடம் கேட்டுக் கெஞ்சுறான். அவனுக்கே நான் குடுக்கல. நேத்து வந்தவளுக்குக் கடைசிப் படமா?"

"இந்த ஒரு தடவை," என்றான் வெர்ன். கெஞ்சினான் என்றே சொல்ல வேண்டும். அவன் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. இன்னொருத்திக்காகக் கெஞ்சுகிறான் பார் என்று அவளுக்குக் காதில் புகை வந்தது. இருந்தும் சரி என்றாள். வரட்டும், அவள் லட்சணத்தை ஊரே பார்க்கட்டும் என்று ஒரு குரூரம்.

சனிக்கிழமை நிலவறை நிரம்பிவிட்டது. ஆப்பிள் பழச்சாறு, பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட காரக் குழம்பு, சோள மிட்டாய். ட்வைட் வழக்கம்போல நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். டொரீன் பூசணிப் பணியாரத்தோடும் ஒரு கேசட்டோடும் படியிறங்கி வந்தாள்.

"கூப்பிட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ், கிளென்னா."

"நான் எங்க கூப்பிட்டேன்? வெர்ன்தான் கூப்பிட்டான். உக்காருங்க." தெருவில் எல்லோரையும் நீ, வா, போ என்பவள், டொரீனை மட்டும் 'நீங்க' போட்டு ஒரு முழம் தள்ளியே வைத்திருந்தாள்.

"அக்கா, உன் சிம்மாசனத்துல ஆள் ஏறியாச்சு போலயே!" என்று ட்வைட் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான்.

"வாயை மூடிட்டுத் தின்னுடா."

நாலு படமும் அவள் கணக்குப் போட்டபடியே ஓடின. மூன்றாவதில் பிஷப் வேஷத்துப் பேய் அலமாரிக்குள்ளிருந்து விழுந்தபோது ட்வைட் குழம்பைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். வெர்ன் மட்டும் ஒரு தடவைகூடக் கூரையைப் பற்றியோ குழாயைப் பற்றியோ பேசவில்லை. இடையில் டொரீன் அவனுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பால் இல்லாமல், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு. கேட்காமலே! அவனுக்கு எப்படி வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது? கிளென்னா சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே கொதித்தது.

ஐந்தாவது கேசட்டை டொரீன் போட்டாள். 'மிஸ்டர் ஆல்டனின் அறைகள்' என்று பெயர். ஒரு கிழவர், ஒரு பெரிய வீடு. முதல் ஐந்து நிமிஷத்திலேயே கிளென்னா உதட்டைப் பிதுக்கினாள், பேயையே காணோம். கிழவர் காலையில் எழுகிறார், சமையலறைக்குப் போகிறார். கதவைத் திறந்தால் அங்கே சமையலறை இல்லை, துணி மூடிய நாற்காலிகள் இருக்கின்றன. மூடிவிட்டு அடுத்த கதவைத் திறக்கிறார். அதுவும் தெரியாத அறை. எங்கிருந்தோ சாப்பாட்டு வாசனை வருகிறது, மனைவி பாடுவது கேட்கிறது. கதவு கதவாகத் திறந்துகொண்டே போகிறார். அவள் இருக்கும் அறை மட்டும் வரவில்லை.

நிலவறையில் ஒருவரும் வாயிலிருந்ததை மெல்லக்கூட இல்லை. மறுக்க முடியாது, நல்ல படம். கிளென்னா எடுத்து வைத்த எல்லாப் படத்தையும்விட நல்ல படம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அப்போது வெர்னின் கை வந்து அவள் கையைப் பிடித்தது. எலும்பு நோக இறுக்கிப் பிடித்தது. உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். வெர்ன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

அவளுக்குள் ஓடியது: இத்தனை வருஷமாகத் தேடித் தேடிப் படம் பொறுக்கியவள் நான். என் பேய் எதற்கும் பயப்படாதவன், அவள் கொண்டுவந்த படத்துக்குப் பயப்படுகிறான். ஒரு மனுஷன் எதற்குப் பயப்படுவான் என்று தெரிய வேண்டுமானால் அவன் மனசுக்குள் போய்வந்திருக்க வேண்டும். எனக்குக் காட்டாததை அவளுக்குக் காட்டியிருக்கிறான். அவ்வளவுதான், கிளென்னாவின் பொறுமை அறுந்தது. கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு எழுந்தாள். போய் டிவியை நிறுத்தினாள்.

"ஐயோ, என்ன அக்கா, நல்ல கட்டத்துல..." என்று ட்வைட் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு." அவள் டொரீனைப் பார்த்துத் திரும்பினாள். "என் புருஷன் எதுக்குப் பயப்படுவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டொரீன் திரும்பி வெர்னைப் பார்த்தாள். "வெர்ன், நீயே சொல்லிடு," என்றாள் மெல்ல.

"பாத்தியா! ரெண்டு பேருக்கும் நடுவுல சொல்றதுக்கு வேற இருக்கு!" கிளென்னாவின் குரல் உடைந்துவிட்டது. ஊர் பார்க்கிறது என்ற வெட்கமெல்லாம் போயே போய்விட்டது. "நான் குருடின்னு நெனச்சியா, வெர்ன்? ஜன்னல் வழியா எல்லாம் பாத்துட்டுத்தான் இருக்கேன். எத்தனை தடவை அவ வீட்டுக்குப் போன? கதவைக்கூடத் தட்டாம!"

வெர்ன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் அவ வீட்டுக்குப் போகல, கிளென்னா," என்றான். "நம்ம வீட்டுக்குத்தான் வந்தேன்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"தபாலை எடுத்துட்டுத் திரும்பினேன். வீடு இருந்துச்சு. உள்ள வந்தேன். காபி போடலாம்னு போனா டப்பா இருக்கிற எடத்துல இல்ல." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "முதல் தடவை டொரீன் சிரிச்சா, நானும் சிரிச்சேன். அடுத்த தடவை சிரிக்கல. அவதான் காபி போட்டுக் குடுத்துக் கொண்டாந்து விட்டா. டாக்டர்கிட்டயும் போனேன். இந்த மறதி இன்னும் ஜாஸ்தியாகும்கிறார்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வாய் வரல. டிவில இந்தப் படத்தைப் பாத்தேன். இதப் பாத்தா உனக்குப் புரியும்னு தோணிச்சு. கேசட்டைத் தேடிப் பிடிச்சது நான்தான். நான் எடுத்துக் குடுத்தா நீ என்னிக்குப் போட்டிருக்க? அதான் அவ பேர்ல கொண்டாரச் சொன்னேன்."

ட்வைட் தலையைக் குனிந்துகொண்டான். ஒவ்வொருவராகப் பாத்திரங்களைக்கூட எடுக்காமல் படியேறினார்கள். டொரீன் கடைசியாகப் போனாள். கிளென்னா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளென்னா அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அத்தனை நடந்த பிறகும் அந்தப் பாழும் பொறாமை விடவில்லை. அதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"அவ வீட்டுக்குள்ள உக்காந்திருந்தப்போ பயமா இருந்துச்சா?"

"இல்ல," என்றான் வெர்ன். "நல்லாத்தான் இருந்துச்சு. நீ பின்பக்கம் எங்கயோ இருக்க, இப்போ வந்துருவன்னு நெனச்சிட்டிருந்தேன். கதவு திறந்துச்சு. யாரோ ஒரு பொம்பள வந்தா. அது நீ இல்ல. அப்பதான் பயந்தேன்."

கிளென்னா அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இவன் டொரீனைக் காதலித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று நினைத்து நினைத்து அழுதாள்.