செல்லிக்கு எழுதிய வயது

நனைந்த குடையை மடக்கிக்கொண்டு செயலாளர் நாராயணப்பன் அலுவல் அறைக்குள் நுழைந்தபோதே வார்டன் ஜோதியம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் இருந்த அந்த அனாதைப் பெண்கள் விடுதிக்கு அவர் வாரநாளில் வந்தால், யாருக்கோ பதினெட்டு முடிந்து விடுதியை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்று அர்த்தம். அது 1956, கார்த்திகை மாதம்.

“மார்கழி பொறந்தா செல்லிக்கு வயசு முடியுதும்மா. கெலமங்கலம் பக்கம் திம்மராயன்னு ஒருத்தர். சம்சாரம் தவறிப் போயி ஒரு வருசம் ஆவுது. ரெண்டு புள்ளைங்க. நெலம் இருக்குது. தையில முடிச்சிடலாம்.”

“மார்ச்சுல எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைங்க. அது வரைக்கும் இருக்கட்டுங்களே.”

“இவங்கள வெச்சிக்கினே இருந்தா, இடம் கேட்டு நிக்கிற சின்னதுங்கள எங்க படுக்க வெக்கிறது?”

அவர் கெட்டவரில்லை. பதினோரு குழந்தைகளுக்கான விண்ணப்பங்கள் மேசை மேலேயே கிடந்தன.

ஜோதியம்மாள் செல்லியைக் கூப்பிட்டுச் சொன்னாள். “நீங்க சொன்னா சரிங்கம்மா” என்றாள் அவள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. எப்போது எழுவது, எந்தப் பாவாடையை உடுத்துவது என்று பதினாறு வருஷமாக மணி அடித்தும் வரிசையில் நிறுத்தியும் சொல்லப்பட்டவள். வாழ்க்கையிலேயே பெரிய கேள்விக்கும் பழகிய பதிலையே சொன்னாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே விடுதியில் வளர்ந்த நஞ்சம்மாவும் இதையேதான் சொன்னாள். ராயக்கோட்டை தாண்டி ஒரு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான எட்டாம் மாதம், வீங்கிய மணிக்கட்டோடு விடுதியின் வாசல் கதவருகே வந்து நின்றாள். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்மா.” பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டவர்கள் விடுதியில் தங்கக்கூடாது என்பது சட்டம். ஜோதியம்மாள் சோறு போட்டு, கையில் கட்டுப் போட்டு, தானே பஸ் ஏற்றிவிட்டாள். அப்புறம் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தபோது, “பெங்களூர் பக்கம் எங்கியோ போயிட்டா” என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் செல்லி கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். ஜோதியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“எனக்காகச் சொல்லாத. உனக்கு என்னா வேணும்?”

செல்லி ஒரே துணியை வெகுநேரம் பிழிந்தாள். “பரீட்சை எழுதணும்மா.” துணியை உதறிக்கொண்டே, “எனக்குப் பதினெட்டுன்னு யாரும்மா சொன்னாங்க?” என்று கேட்டாள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், ராயக்கோட்டையில் சந்தை கலைந்த பிறகு காய்கறிக் குப்பை நடுவே நின்ற குழந்தையை ஒரு போலீஸ்காரர் தூக்கி வந்தார். அப்போது ஜோதியம்மாள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். பல்லை எண்ணிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, பதிவேட்டில் ‘வயது இரண்டு’ என்று எழுதினாள். வந்த தேதியையே பிறந்த தேதியாக்கினாள். எல்லாம் ஒரு நிமிஷ வேலை.

“நாந்தான் எழுதினேன். குத்துமதிப்பா.”

“அப்ப பதினேழாவும் இருக்கலாங்களா?”

“இருக்கலாம்.”

செல்லி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது ஜோதியம்மாளுக்கு.

வயதுச் சான்று கேட்டுப் போனபோது, அரசு ஆஸ்பத்திரியின் டாக்டர் சரோஜம்மாள் செல்லியின் வாயைத் திறந்து பார்த்தார். “பதினேழுன்னும் சொல்லலாம், பத்தொம்பதுன்னும் சொல்லலாம்.”

“பதினேழுன்னே எழுதித் தரீங்களா?”

“ரெண்டுக்கும் நடுவுலன்னு எழுதித் தரேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

அந்தக் காகிதத்தோடு ஜோதியம்மாள் விடுதிக் கமிட்டி முன்னால் நின்றாள்.

“இத்தனை வருசமா இது தப்பா இருக்கலாம்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றார் நாராயணப்பன்.

“தெரியுங்க. யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

பரீட்சை முடிவு வரும்வரை செல்லி இருக்கலாம் என்று முடிவானது. பதிவேட்டில் அசட்டையாக எழுதியதற்கு ஜோதியம்மாளுக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. திம்மராயனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார்கள்.

செல்லி தேறினாள். சேலத்தில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, ஜூனில் ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள். பதிவேட்டில் அவள் பெயரை ஜோதியம்மாளே அடித்தாள். ஒருத்தியையாவது கரையேற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. ‘தசராவுக்குப் பத்து நாள் இங்கே பயிற்சிப் பள்ளி விடுதியைப் பூட்டுகிறார்கள். எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். நான் எங்கே போகட்டும் அம்மா?’

நாராயணப்பன் வருத்தத்தோடுதான் கையை விரித்தார். “ஒருத்திக்குத் தெறந்தா எல்லாருக்கும் தெறக்கணும்.” தர்மபுரியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள் ஜோதியம்மாள். “என்னா ஜாதின்னே தெரியாத பொண்ண அடுப்பங்கரையில எப்பிடி விடறது?” என்றாள் அண்ணி. அண்ணன் பேப்பரை விட்டுத் தலையை எடுக்கவில்லை. விடுதிச் சமையற்காரி வெள்ளையம்மா மட்டும், “என் வூட்ல படுக்கட்டுங்க. ஆனா மவன் குடிச்சிட்டு வருவான். வயசுப் பொண்ணு” என்று இழுத்தாள்.

ஜோதியம்மாள் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் எடுத்த முதல் லீவு அது. பழையபேட்டையில் ஒரு ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, பெருக்கி, அடுப்பு வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து செல்லியை அங்கே கூட்டிப்போனபோது, அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“இது யாரு வூடும்மா?”

“பத்து நாளைக்கு நம்ம வீடு. உள்ள வா.”

செல்லி பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். அதைத் திறக்கவில்லை. மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“பொங்கலுக்கும் விடுதியப் பூட்டுவாங்களாம், அம்மா” என்றாள்.

“தெரியும். விசாரிச்சிட்டேன்” என்றாள் ஜோதியம்மாள். தண்ணீர் கொண்டுவரக் குடத்தை எடுத்தாள். செல்லியும் எழுந்து கூடவே போனாள்.