ஒரு பெயருக்கு இரண்டு பதில்

பதிவுக்காரர் வீட்டில் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு குரல்கள் பதில் சொல்லும். ஒன்று உயிரோடு இருக்கும் மகளுடையது. இன்னொன்று, அவள் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே காய்ச்சலில் போய்விட்ட மூத்தவளுடையது. தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். சிலிண்டர் போட வருகிறவர் புதிதில் ஒருமுறை வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, கூடத்திலிருந்து ஒரு "வரேன்", ஆளில்லாத பின்னறையிலிருந்து ஒரு "வரேன்" கேட்டு, சிலிண்டரைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதத்திலிருந்து பெல் அடித்தார், அவ்வளவுதான். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த வீட்டுப் பக்கம் யாராவது வாய்விட்டுப் படிப்பார்கள், அந்தப் பெண் பாவம், வேலையைப் போட்டுவிட்டு என்னவென்று கேட்க வேண்டியிருக்கும்.

பதிவுக்காரர் என்றால் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் கவுன்டர். தெருவில் பாதிப் பேருக்குப் பெயர் எழுதியது அவர் கைதான். மனுஷனுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழந்தையின் பெயரைப் பேனாவால் எழுதி முடித்ததும் தலையை நிமிர்த்தி, "சரி, ஏன் இந்தப் பேரு?" என்று கேட்பார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. சொல்கிற காரணத்தைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாகக் குறித்துக்கொள்வார். தையல்காரரின் மகனுக்கு அவர் அம்மா விரும்பிய பெயர் ஒன்று, மாமியார் விரும்பியது ஒன்று. இரண்டு பேரும் ஒரே நாளில் பேச்சை நிறுத்தியதால் நர்ஸ் சொன்ன மூன்றாவது நிலைத்தது. பஸ் ஓட்டுகிறவரின் மகளுக்கு, அவளைப் பெறும் வரை அவர் யாரிடமும் சொல்லாத ஒரு சிநேகிதியின் பெயர். அதைப் பென்சிலில் எழுதிவிட்டு, பதிவுக்காரரே ரப்பர் எடுத்து அழித்துவிட்டார். இவ்வளவும் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. ரப்பர் சரியாக அழிக்கவில்லை.

அவருடைய மூத்த மகளின் பெயருக்கு நேரே இருந்த குறிப்பு மூன்றே சொல்: "கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாள்." பிரசவமான அன்று அவர் மனைவி வாயில் வந்த ஏழெட்டுப் பெயர்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத ஒரு பெயருக்குக் குழந்தை தலையைத் திருப்பியது. அதையே வைத்தார்கள். மூன்று வயசில் மூன்று நாள் காய்ச்சல். ஊரில் எல்லோருடைய சாவையும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய மனுஷன், அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். ஒரு வருஷம் கழித்து இளையவள் பிறந்தாள். மனைவி அதே பெயர்தான் வேண்டும் என்றாள். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. புதிதாக எதையும் எழுதவில்லை. பீரோவில் இருந்த மூத்தவளின் சான்றிதழை எடுத்துத் தூசி தட்டி இளையவளுக்குக் கொடுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவர் வீட்டில் நடந்த வேலை இது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மா குழந்தையை மடியில் போட்டு அந்தப் பெயரைச் சொன்னாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பின்னறையிலிருந்து நாலு வயசுக் குரல் ஒன்று தெளிவாக, "என்னம்மா?" என்றது. அம்மா அழவில்லை. "ஒண்ணுமில்லடா, சும்மா" என்றாள். அன்றிலிருந்து அந்தக் குரல் வளர்ந்தது. ஏழு வயசில் பல் விழுந்து காற்றோடு பேசிற்று. பன்னிரண்டில் ஜலதோஷம் பிடித்து ஒரு மாதம் கரகரத்தது. தையல்காரர் மனைவி வெந்நீர் கொடுக்கச் சொன்னாள், யாருக்குக் கொடுப்பது என்று கேட்டதும் தானே சிரித்துக்கொண்டாள். வாசல் கேட்டுக்கு வெளியே அது கேட்காது. தானாக ஒருநாளும் பேசாது. கூப்பிட்டால் பதில் சொல்லும்: என்னம்மா, வரேன், இங்கதான் இருக்கேன். அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டாள். உப்பு எங்கே, துணி காய்ந்ததா, மணி என்ன என்று எதற்கும் கூப்பிட்டாள். இளையவள் வந்து நின்றால், "நீ போ, சும்மாத்தான்" என்பாள்.

இளையவளைப் பள்ளியில் சேர்த்தபோது காகிதத்தில் அவளுக்கு ஒன்பது வயசு. தலைமையாசிரியை அவளை மேலும் கீழும் பார்த்து, வயசுக்கு வளர்த்தி பத்தாது, சத்தாக ஏதாவது கொடுங்கள் என்றார். பன்னிரண்டு வருஷம் அந்தப் பெண் ஒரு நாள் லீவு போடவில்லை. படிப்பில் அவ்வளவு ஆசை என்று நினைத்தவர்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள். விஷயம் வேறு. காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது அந்தப் பெயருக்கு "உள்ளேன்" என்று அவள் ஒருத்தி மட்டும் சொல்வாள். வேறு எந்த மூலையிலிருந்தும் சத்தம் வராது. அந்த ஒரு சொல்லுக்காக அம்மை போட்டபோதுகூடப் போய் நின்று, திருப்பி அனுப்பப்பட்டாள்.

ஐந்தாம் வகுப்பில் உங்கள் பெயர் வந்த கதையை வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள் என்றார்கள். அவள் அப்பாவிடம் கேட்டாள். அவர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டி ஓரத்திலிருந்த பென்சில் எழுத்தைக் காட்டினார்.

"இது அவ திரும்பிப் பார்த்தது. நான் எதுக்குத் திரும்பினேன்?"

"நீ தூங்கிட்டு இருந்தேம்மா" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாதவர்; அந்தச் சான்றிதழ் என்ற ஒரு பொய்யைத் தவிர. மறுநாள் மற்ற பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதி வந்தார்கள். இவள் நோட்டில், எனக்கு வைத்த பெயருக்குக் கதை இல்லை என்று ஒரே வரி. டீச்சர் சிவப்பு மையில், முயற்சி போதாது என்று எழுதினார்.

அதன் பிறகு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது தெருவுக்கே தெரிந்திருந்தது. அம்மா ஒரே ஒரு தடவை தன்னைக் கூப்பிட வேண்டும். தன்னை மட்டும். படித்து முடித்து மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போனாள். இருபத்திரண்டு வயசில், காகிதத்தில் இருபத்தாறு, ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, அப்பாவின் அலுவலகத்தில் டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, மூன்றாம் கவுன்டரில் பெயர் மாற்றப் படிவத்தை நீட்டினாள். காலையில் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள்தான்.

பதிவுக்காரர் படிவத்தை வாங்கிப் படித்தார். "இதை மாத்தணும்னா பழைய பதிவைச் சரி பண்ணணும்மா. சரி பண்ணணும்னா முதல்ல உங்க அக்காவோடதை எழுதணும்."

மூத்தவளின் சாவை எழுதினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அன்று வீட்டில் பேச்சு வந்தபோது அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அவ வாயை அடைச்சுட்டுத்தான் உனக்கு ஒரு பேரு வேணுமா?" என்றாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் எங்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்டிருக்கும். மகள் மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் மறுபடியும் டோக்கன், மறுபடியும் வரிசை.

"அவ பேரை அவளே வெச்சுக்கட்டும்ப்பா. யார் பேரையும் அடிக்க வேண்டாம். என்னைப் புதுசா எழுதுங்க."

தாமதப் பிறப்புப் பதிவு என்று ஒரு படிவம் உண்டு. வீட்டில் பிறந்து பதியாமல் போன கிழவர்களுக்கானது. அதை எடுத்து, இருபத்திரண்டு வருஷம் கழித்து, தன் இரண்டாவது மகள் பிறந்ததாக அவர் எழுதினார். அவள் தானே தேர்ந்த பெயரை எழுதினார். பிறகு, வழக்கம்போல், தலையை நிமிர்த்தி, "ஏன் இந்தப் பேரு?" என்றார்.

"இதைச் சொல்லி இதுவரைக்கும் யாரும் யாரையும் கூப்பிட்டதில்ல."

பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து அதை எழுதினார். பின்னால் நின்றவர் முனகினார், இவர் அவசரப்படவில்லை.

ஆனால் பெயர் வந்ததே தவிர, கூப்பிட ஆள் வரவில்லை. கடை முதலாளி கூப்பிட்டார், தெருவில் நாங்கள் கூப்பிட்டோம், அதெல்லாம் அவளுக்குக் கணக்கில் இல்லை. அம்மா அவளை "இந்தா" என்றாள், "உன்னைத்தான்" என்றாள், கதவைத் தட்டினாள், கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். அந்தப் புதுப் பெயரை மட்டும் சொல்லவில்லை. பழைய பெயரை முன்போலவே நாற்பது தடவை சொன்னாள். பின்னறையிலிருந்து பதில் வந்தது. கூடத்தில் இருந்த இளையவளின் நாக்கு ஒவ்வொரு தடவையும் தானாகப் புரளும். உதட்டைக் கடித்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இப்போது தனக்கில்லாத அந்தப் பழைய பெயருக்காகவே அவள் ஏங்கினாள் என்று தையல்காரர் மனைவி சொன்னாள். கடைக்குப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றியது. ஏழு மாதம் இப்படிப் போயிற்று. வேறு ஊரில் உள்ள கிளைக்கு மாற்றல் கேட்டு அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றும் பேச்சு.

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். அப்பா பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்கினார். இளையவள் முன்னறையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பின்னறையிலிருந்து அந்தக் குரல், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே பேசியது. புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"சாரல் உள்ள அடிக்குது பாரு. நாளைக்குப் போட வெச்சிருக்கற டிரெஸ் நனையுது. ஜன்னலைச் சாத்தக் கூடாதா?"

நகவெட்டி கீழே விழுந்தது. "வரேங்க்கா" என்றாள் இளையவள். அந்தச் சொல்லையும் அவள் அதற்கு முன் சொன்னதில்லை. போய் ஜன்னலைச் சாத்தினாள். அறையில் யாரும் இல்லை. ஈரத்தைத் துடைத்துவிட்டு அங்கேயே கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளி மாடிப்படியில் துணி மூட்டையோடு அம்மா நின்றிருந்தாள். காய்ந்த துணி அத்தனையும் நனைகிற வரை நின்றிருந்தாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அது நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மா சமையலறையிலிருந்து இளையவளின் பெயரைச் சொன்னாள். புதுச் செருப்பு போட்டு நடக்கிறவள்போல எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பின்னறை வாயே திறக்கவில்லை. இளையவள் கூடத்தில் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது. பதில் சொல்லவில்லை. அம்மா மறுபடியும் கூப்பிட்டாள், இந்தத் தடவை கொஞ்சம் சரளமாக. அதற்கும் சொல்லவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு, இன்னொன்றுக்காகக் காத்திருந்தாள்.

"அம்மா கூப்பிடறாங்கல்ல, காது கேக்கலையா?" என்று பின்னறையிலிருந்து மூத்தவள் அதட்டினாள்.

"கேக்குது" என்றாள் இளையவள். "இன்னொரு தடவை கூப்பிடட்டும்."

அம்மா கூப்பிட்டாள்.