வேறு வைத்த மீன்

வெள்ளைக்காரத் துரை கப்பலேறும் முன் தம் கண்ணாடித் தொட்டியை அலுவலகத்துத் தலைமை எழுத்தர், அதாவது பெரிய கிராணி, அடைக்கப்பனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதே மாதத்தில்தான் மலாயாவையும் மலாயாக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். இரண்டில் எது பெரிய பொறுப்பு என்று அவர் குடியிருந்த காஜா பேராங்கில் யாராவது கேட்டிருந்தால், அடைக்கப்பன் யோசிக்காமல் தொட்டியைத்தான் சொல்லியிருப்பார். நாலடி நீளம், உள்ளே கடல் தண்ணீர், உயிருள்ள பவளம், கடற்சாமந்தி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட இரண்டு இறால்கள். கடலையே கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

கொண்டுவந்தது அவர். அதைக் கட்டிக்கொண்டு அழுதது அவர் மனைவி சிகப்பி. வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது, பாசி சுரண்டுவது, இறாலுக்குத் துணுக்கு கிள்ளிப் போடுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தன. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே மகள் அழகம்மை கல்யாணமாகிப் பினாங்குக்குப் போன பிறகு அந்த வீட்டில் யாரும் அவளைத் தேடி வந்ததில்லை. கணவர் காப்பி தேடி வருவார், சட்டைப் பொத்தான் தேடி வருவார், அவ்வளவுதான். இறால்கள் இரண்டும் மட்டும், அவள் தண்ணீரில் கையை விட்டால் பொந்திலிருந்து வந்து விரலில் ஏறி நக இடுக்கைச் சுத்தம் செய்யும். அவை இல்லாத வீட்டை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்டு முப்பத்தொன்று, சனிக்கிழமை. சுதந்திரம் வந்த நாள். மாலை நாலு மணிக்குப் புது மலாய் மேலதிகாரி என்சிக் ஹம்சாவைத் தேநீருக்கு அழைத்திருந்தார் அடைக்கப்பன். துரையிடம் போட்ட கும்பிட்டையே திசை மாற்றிப் போட வேண்டும், வேறொன்றுமில்லை. தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாதது அவருக்குக் குறையாக இருந்தது. அதனால் துறைமுகப் படகில் வேலை செய்யும் பொன்னுதுரையிடம் சொல்லிவைத்திருந்தார். பொன்னுதுரை காலை எட்டரைக்கு இரண்டு தகரங்களோடு வந்தான். இரண்டிலும் புலாவ் பெசார் தீவின் பவளத்திட்டில் பிடித்த கிளிமீன்கள்.

ஒன்று சாண் நீளம். சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். புதுக் கொடியின் நிறம் நாலும் அதன் மேல் இருந்தன. இன்னொன்று விரல் நீளத்தில் இளஞ்சிவப்பாகக் கூனிக் குறுகிக் கிடந்தது.

"நிறத்தப் பார்க்காதீங்க ஆச்சி, வாயப் பாருங்க" என்றான் பொன்னுதுரை. "பெருசுக்கு முன்பல்லு வெளிய நிக்குது பாருங்க. சிப்பியவே உடைச்சித் திங்கும். உங்க இறால் ரெண்டும் இருட்டுறதுக்குள்ள காலி. சின்னதுக்கு வாயே இல்ல, தண்ணியில மிதக்குற தூசியத் தின்னுட்டு சும்மா கிடக்கும்."

இரண்டுமே எகிறிக் குதிக்கும், மூடி இல்லாமல் வைக்கக் கூடாது, பயந்தால் மணலில் புதைந்துகொள்ளும் என்றும், தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு மணி நேரமாவது பழக்காமல் விட்டால் செத்துப்போகும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அடைக்கப்பனா வாயைப் பார்ப்பார்? அலுவலகத்தில் ஆள் எடுக்கும்போதே அவர் கழுத்துப்பட்டையைப் பார்த்து எடுப்பவர். கொடி மீனைத் தேர்ந்தெடுத்தார். சின்னதைப் பூனைக்குப் போடச் சொன்னார். மூடி அழகைக் கெடுக்கிறது என்று அதையும் எடுத்து வைத்தார். மணி எட்டு ஐம்பது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அது தொடங்கும் முன் மீன் குடியேறியாக வேண்டும் என்று தகரத்தைத் தூக்கிவிட்டார்.

சிகப்பி தொட்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். இறால் செத்துப்போகும் என்று சொன்னால், வேறு இறால் வாங்கலாம் என்பார். அவருக்குப் புரிகிற ஒன்றைச் சொன்னால்தான் உண்டு.

"நம்ம ஊர்ப் பக்கம் மருமக வந்தாலே வேறதானே வைக்கிறோம்" என்றாள். "ஒரே கூரைதான், ஆனா அடுப்பு தனி. இதையும் வேற வைப்போம். புட்டியில விட்டுத் தொட்டிக்குள்ள இறக்கிட்டா, ஒன்பதுக்கு முந்தி குடி வந்த மாதிரியும் ஆச்சு."

செட்டிநாட்டு வழக்கத்தை மனைவி எடுத்துக்காட்டியதில் அவருக்குப் பெருமை. பிஸ்கட் வைக்கும் அகலவாய்க் கண்ணாடிப் புட்டியில் கொடி மீன் இறங்கி, வாயில் துணி கட்டி, எட்டு ஐம்பத்தைந்துக்குத் தொட்டிக்குள் நின்றது. திறப்பு விழா மாலையில் என்சிக் ஹம்சா முன்னிலையில் நடக்கும் என்று அறிவித்துவிட்டு, அடைக்கப்பன் ஊர்வலம் பார்க்கப் பாடாங் திடலுக்குப் போனார்.

பூனைக்கு அன்று அதிர்ஷ்டமில்லை. சிகப்பி சின்னதை அடுக்களையில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்று தொட்டித் தண்ணீரைக் கலந்தாள். வேண்டாத மீனுக்கு யார் நேரம் பார்க்கப் போகிறார்கள்? சுவர்க் கடிகாரம் பத்து அடித்தபோது அதைத் தொட்டியில் விட்டாள். விட்ட நொடியில் மணலுக்குள் போனதுதான், ஆளையே காணோம். செத்துவிட்டதோ என்று மத்தியானம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கொடி மீனோ புட்டிக்குள்ளிருந்து இறால்களைப் பார்த்துக் கண்ணாடியை முட்டிக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு விருந்தாளி வந்தார். அடைக்கப்பன் மலாயில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, துணியை அவிழ்த்துப் புட்டியைச் சாய்க்கக் கையை விட்டார். சிகப்பி அடுக்களை வாசற்படியில் தேநீர்த் தட்டோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

தொப்பென்று சத்தம். கண்ணைத் திறந்தால், கொடி மீன் புட்டியைவிட்டு எகிறி, தொட்டியையும் தாண்டி, என்சிக் ஹம்சாவின் தட்டில் வெள்ளைப் பணியாரத்தின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. அவர் நிதானமாக அதை, காலையில் வந்து மூலையில் தண்ணீரோடு கிடந்த தகரத்தில் சரித்தார். இன்று விடுதலை நாள், இதையும் கடலிலேயே விட்டுவிடலாமே என்றார். மேலதிகாரி சொன்ன பிறகு அப்பீல் ஏது? அடைக்கப்பன் சரி துவான், சரி துவான் என்றார்.

அப்போதுதான் மணல் அசைந்தது. இளஞ்சிவப்பாக ஒன்று எழுந்து பவளத்தைச் சுற்றி வந்து நின்றது. இறால் ஒன்று போய் அதன் முதுகில் ஏறிச் சுத்தம் செய்யத் தொடங்கியது. சிகப்பிக்கு அழுகை வந்துவிட்டது. என்சிக் ஹம்சா குனிந்து பார்த்து, எவ்வளவு அடக்கமான மீன், யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார்.

அடைக்கப்பன் திகைத்தது அரை நொடிதான். தாமே தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். நிறத்தைப் பார்க்கக் கூடாது, வாயைத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். தங்கள் வீட்டில் நல்ல நேரம் பார்க்காமல் ஒரு துரும்பும் உள்ளே வராது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்படியா, இது எத்தனை மணிக்கு வந்தது என்று விருந்தாளி அக்கறையாகக் கேட்டார். அடைக்கப்பன் மனைவியைப் பார்த்தார்.

சிகப்பி தேநீரை மேசையில் வைத்துவிட்டு, கணவருக்கு மட்டும் விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னாள்.

"பத்து மணிக்கு."

என்சிக் ஹம்சாவுக்குப் புரியவில்லை. அடைக்கப்பன்தான் அதை மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. "புக்குல் செப்புலோ, துவான். மிக நல்ல நேரம்" என்றார், ஒவ்வொரு சொல்லையும் விழுங்கி விழுங்கி. சிகப்பி தொட்டியின் மூடியை எடுத்து மூடினாள்.